வெற்றிலைக்குள் வந்த வெள்ளைப்பொடி: கல்கத்தாவின் கொக்கைன் வரலாறும் அதன் வைத்தியமும்

கொக்கைன் என்றதும் நமக்கெல்லாம் சினிமாப் பார்ட்டியும் நட்சத்திர ஓட்டலும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் கெட்ட பழக்கம், மேல்நாட்டிலிருந்து நேற்று வந்து இறங்கிய வியாதி என்பது பொதுவான எண்ணம். உண்மை வேறு. சுமார் 1890களில் தொடங்கி 1930கள் முடிய, வட இந்திய நகரங்களில், குறிப்பாக நாம் பிழைக்க வந்து குடியேறியிருக்கும் இந்தக் கல்கத்தாவில், கொக்கைன் வெற்றிலைக்குள் மடித்துத் தெருவோரப் பீடாக்கடைகளில் விற்கப்பட்டது. வாங்கியவர்களில் செல்வந்தரும் உண்டு, கூலிக்காரரும் உண்டு. நாற்பது ஆண்டுகளாகப் படா பஜாரில் பாக்கு மொத்த வியாபாரம் செய்து வருபவன் ஆகையால், வெற்றிலை பாக்கு சம்பந்தமாக எந்தப் பழைய புத்தகம் கிடைத்தாலும் வாங்கி வைப்பது என் வழக்கம். அந்தத் தேடலில் அகப்பட்டதுதான் இந்தச் சரித்திரம்.

முதலில் சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலைவாசிகள் கோக்கா என்னும் செடியின் இலையைப் பல நூற்றாண்டுகளாக மென்று வருகிறார்கள். அந்த இலையிலிருந்து கொக்கைன் என்னும் பொருளை 1860 வாக்கில் ஜெர்மனியில் ஆல்பர்ட் நீமன் என்ற இரசாயனி பிரித்தெடுத்தார். 1884இல் வியன்னா நகரின் கார்ல் கொல்லர் என்ற இளம் மருத்துவர், இதைக் கண்ணில் சொட்டாக விட்டால் வலி தெரியாமல் அறுவை செய்யலாம் என்று காட்டினார். உலகமே அவரைக் கொண்டாடியது. நியாயந்தான். கண்புரை அறுப்பதற்கு அதுவரை நோயாளியைக் கட்டிப்பிடித்து அமுக்கித்தான் வேலை நடந்தது.

அதே வியன்னாவில், அதே 1884இல், பின்னாளில் பெரும் புகழ் பெற்ற சிக்மண்ட் ஃபிராய்ட், கோக்காவைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மார்பின் பழக்கத்தை மாற்ற இது நல்ல மருந்து என்றும் நம்பினார். மார்பினுக்கு அடிமையாகிக் கிடந்த ஃபிளைஷ்ல் என்ற தம் நண்பருக்கே அதைக் கொடுத்தும் பார்த்தார். நண்பர் மார்பினை விட்டபாடில்லை, கொக்கைனும் சேர்ந்துகொண்டது. தோலில் பூச்சிகள் ஊர்வதாகவும் பாம்புகள் நெளிவதாகவும் அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. 1891இல் நாற்பத்தைந்து வயதில் இறந்துபோனார். ஆக, இந்தச் சரக்கின் முழுக் குணமும் முதல் ஏழு ஆண்டுக்குள்ளேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வியாபாரம் நிற்கவில்லை.

இந்தியாவுக்குக் கொக்கைன் வந்தது மருந்தாகத்தான். கண் மருத்துவரும் பல் மருத்துவரும் தருவித்தார்கள். மருந்துக்கடையில் தாராளமாகக் கிடைத்தது. போதைக்காகத் தின்னும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பீகாரின் பாகல்பூரில் தலைகாட்டியதாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன. அங்கிருந்து கல்கத்தா, காசி, லக்னோ, டில்லி, பம்பாய் என்று பரவியது. வெள்ளைக்காரன் நாட்டில் ஊசியாகவும் மூக்குப்பொடியாகவும் போன வஸ்து, நம் நாட்டில் வெற்றிலையில் ஏறியது ஏன்?

சுண்ணாம்புதான் காரணம். ஆண்டீஸ் மலைக்காரர் கோக்கா இலையைத் தனியாக மெல்லுவதில்லை. கூடவே சுண்ணாம்போ, செடிச் சாம்பலோ சேர்ப்பார்கள். காரப்பொருள் சேர்ந்தால்தான் இலையிலுள்ள சத்து வாயின் மென்தோல் வழியே சுலபமாக இரத்தத்தில் கலக்கும். நம் வெற்றிலையில் சுண்ணாம்பு ஏற்கெனவே தயாராக இருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் கொக்கைன் உப்பை அதில் தூவினால் சுண்ணாம்பு அதே வேலையைச் செய்துவிடும். பெருவுக்கும் பாகல்பூருக்கும் ஒரு கடிதப் போக்குவரத்தும் கிடையாது, ஆனாலும் இரண்டு இடத்து நாக்கும் ஒரே இரசாயனத்தைக் கண்டுபிடித்துவிட்டன! இன்னொரு சௌகரியமும் இருந்தது. வெற்றிலை போடுவது யார் கண்ணுக்கும் தப்பாகப் படாது. கள்ளுக்கடைக்குள் நுழைகிறவனை ஊர் பார்க்கும். பீடாக்கடையில் நிற்கிறவனை யார் பார்க்கப்போகிறார்கள்? (எங்கள் சமணக் குடும்பங்களில் பொழுது சாய்ந்தபின் வாயில் எதுவும் போடுவதில்லை, ஆகவே ராத்திரி வெற்றிலைக்கும் வழியில்லை. அது வேறு கதை.)

கொக்கைன் நாக்கை மரக்கச் செய்யும். வாங்குகிறவன் அதை வைத்தே அசலா போலியா என்று பார்த்தான். விற்கிறவன் விடுவானா? 1905 வாக்கில் நோவகைன் என்ற செயற்கை மருந்து வந்தது. அதுவும் நாக்கை மரக்கச் செய்யும், ஆனால் போதை கிடையாது. உடனே கலப்படம் ஆரம்பமாயிற்று. காய்ச்சல் மாத்திரைப் பொடி உள்பட வெள்ளையாக இருந்ததெல்லாம் பொட்டலத்துக்குள் போயிற்று. வியாபாரி என்கிற முறையில் சொல்கிறேன், எடை குறைவு, மதிப்பு அதிகம், பார்வைக்கு மாவு போல இருப்பது, இந்த மூன்றும் சேர்ந்த சரக்கில் கலப்படம் இல்லாமல் இருக்கவே இருக்காது. இன்று போதைப்பொடி தின்று திடீரென்று செத்துப்போகிறவர்களில் பலர், தாங்கள் என்ன தின்றோம் என்பதே தெரியாமல் சாகிறார்கள்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1900களின் முதல் பத்தாண்டிலேயே வங்காளம், பம்பாய் முதலிய மாகாணங்களில் கலால் சட்டத்தின் கீழ்க் கட்டுப்பாடு வந்தது. உரிமம் வேண்டும், மருத்துவர் சீட்டு வேண்டும் என்றார்கள். பலன் என்ன? மருந்துக்கடையிலிருந்த சரக்கு கப்பல் சிப்பந்தியின் பெட்டிக்கும் தபால் பார்சலுக்கும் இடம் மாறியது. முதலில் ஜெர்மன் சரக்கு. பிறகு டச்சுக்காரர்கள் ஜாவாவில் கோக்காத் தோட்டம் போட்டுப் பெருவையே முந்தினார்கள். முதல் உலகப் போருக்குப் பின் ஜப்பான் சரக்கு வந்து குவிந்தது. 1920களின் பிற்பகுதியில் ‘ஃபூஜிட்சுரு’ என்ற முத்திரையோடு இங்கே பிடிபட்ட கொக்கைனைப் பற்றிச் சர்வதேச சங்கம் வரை விசாரணை போயிற்று. அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்றுதான் பதில் கிடைத்தது. கோக்காச் செடியை இலங்கையிலும் நம் நீலகிரியிலும்கூட அந்தக் காலத்தில் சோதனைக்காக நட்டுப் பார்த்திருக்கிறார்கள். நல்ல வேளை, அது பெரிய தோட்டமாக வளரவில்லை.

1912இல் ஹேக் நகரில் கையெழுத்தான அபின் ஒப்பந்தத்தில் மார்பினும் கொக்கைனும் சேர்க்கப்பட்டதற்குப் பிரிட்டனின் வற்புறுத்தல் ஒரு காரணம். இந்தியாவிலும் சீனத்திலும் அபின் விற்றுப் பெரும் வருமானம் பார்த்த அரசு, ஜெர்மன்காரனின் கொக்கைன் என்றதும் தர்மம் பேசியது. சரி, எந்த மனசோடு செய்தாலும் நல்லது நல்லதுதான். 1930இல் அபாயகரமான மருந்துகள் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் குறையாத பழக்கம், இரண்டாம் உலகப் போரில் கப்பல் போக்குவரத்து அறுந்து, ஜப்பான் சரக்கும் நின்ற பிறகுதான் அடங்கியது.

இதில் குறிப்பிடத்தக்கது, ஏறக்குறைய நாற்பது வருஷம் இந்தப் பழக்கத்தைக் கலால் அதிகாரிகளும் போலீஸ்காரர்களும்தான் எழுதி வைத்தார்கள். எத்தனை பொட்டலம் பிடித்தோம், எத்தனை பேரை உள்ளே தள்ளினோம் என்ற கணக்கே அதிகம். தின்கிறவனை நோயாளியாக உட்காரவைத்து, எப்போது ஆரம்பித்தாய், என்ன செய்கிறது என்று முறையாகக் கேட்டவர்களில் முதன்மையானவர் கர்னல் ராம்நாத் சோப்ரா. சித்தரஞ்சன் அவென்யூவில், மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் இன்றும் இருக்கிறதே, வெப்பமண்டல மருத்துவப் பள்ளி, அங்கே 1921 முதல் மருந்தியல் பேராசிரியராக இருந்தவர். இந்திய மருந்தியலின் தந்தை என்று போற்றப்படுபவர். ஜி. எஸ். சோப்ராவுடன் சேர்ந்து இந்தியாவின் கொக்கைன் பழக்கம் பற்றி 1931இல் எழுதினார். 1958இல் ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் ஆய்விதழிலும் எழுதினார். தூக்கம் போவது, பசி போவது, உடம்பு இளைப்பது, பல்லும் நாக்கும் கறுத்துப்போவது, சந்தேகம் முற்றிப் பைத்தியம் போலாவது என்று அந்தக் கால மருத்துவர்கள் கண்டதையெல்லாம் இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது, காரணத்தோடு.

உடம்பில் என்ன நடக்கிறது?

நம் மூளையில் ஒரு காரியம் இன்பமாக முடிந்தால் டோபமின் என்ற இரசாயனம் கொஞ்சம் சுரக்கும். வேலை முடிந்ததும் அது திரும்ப உள்ளே இழுக்கப்பட்டுச் சேமிப்பில் போய்விடும். கொக்கைன் அந்தத் திரும்பும் வாசலை அடைத்துவிடுகிறது. டோபமின் வெளியிலேயே தேங்கி நிற்க, மனிதனுக்கு உலகமே தன் கையில் என்று தோன்றுகிறது. மூக்கில் இழுத்தால் இந்தக் குதூகலம் அரைமணிக்குள் தீர்ந்துவிடும். அதனால்தான் ஒன்றோடு நிறுத்த முடியாமல் இரவெல்லாம் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கல்லாவில் ஒரு மாதத்துக்கென்று வைத்த பணத்தை ஒரே ராத்திரியில் இறைத்தவன் மறுநாள் என்ன ஆவான்? மூளையும் அப்படித்தான் ஆகிறது.

இருதயத்துக்கு வரும் ஆபத்தை நம் குடும்பங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்தச் சரக்கு இருதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிட்டு, அதே சமயம் இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளத்தைச் சுருக்கிவிடுகிறது. வேலை இரட்டிப்பு, வரத்து பாதி. 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வுப்படி, கொக்கைன் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் அபாயம் 24 மடங்கு அதிகம். இருபத்தைந்து வயசுப் பையனுக்கு மார்வலி என்றால் வாயு என்றே நினைப்போம். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியாக வேண்டும். ஏனென்றால் மாரடைப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்து, கொக்கைன் உள்ள உடம்பில் நாளத்தை இன்னும் சுருக்கிவிடலாம் என்று மருத்துவர்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள். மானம் போகும் என்று மறைத்தால் உயிர் போகும். மதுவும் சேர்ந்தால் கல்லீரலில் கோகாஎதிலீன் என்ற மூன்றாவது விஷம் உண்டாகி இருதயத்தை மேலும் தாக்குகிறது. மூளையில் இரத்தக்கசிவு, வலிப்பு, மூக்கின் நடுத்தண்டு ஓட்டையாவது இவையும் உண்டு.

மனத்தின் கதை இதைவிடப் பரிதாபம். யாரோ பின்தொடர்கிறார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் பேசுகிறார்கள், பெண்டாட்டி சோற்றில் ஏதோ கலந்துவிட்டாள் என்று சந்தேகம் வரும். தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாக நினைத்துச் சுரண்டிச் சுரண்டிப் புண்ணாக்கிக்கொள்வார்கள். ஃபிளைஷ்லுக்கு வந்த அதே பூச்சிதான். நம்மவர்கள் இதைக் காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போய்விடுகிறார்கள். சரக்கை நிறுத்தினால் பலருக்கு இந்தச் சந்தேகம் சில நாளில் தெளியும். தெளியாதவர்களுக்கு மனநோய் மருந்து வேண்டும்.

இந்த இடத்தில் கொக்கைனின் ஒன்றுவிட்ட தம்பியைப் பற்றியும் சொல்லவேண்டும். சோப்ராவின் குழு ஆராய்ந்த இமயமலைச் செடிகளில் எபிட்ரா ஒன்று. அதன் எபிட்ரின் ஆஸ்துமாவுக்கு நல்ல மருந்து. ஜப்பானிய அறிஞர் நாகாய் 1885இல் சீனத்து எபிட்ராவிலிருந்து எபிட்ரினைப் பிரித்தார். அதைக்கொண்டே 1893இல் மெதாம்பெட்டமின் என்ற பொருளையும் செய்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன், ஜப்பான் படைகள் தூக்கம் வராமலிருக்க இதை மாத்திரையாக விழுங்கின. இன்றைக்கு ‘ஐஸ்’, ‘மெத்’ என்பது இதுதான். காபியின் சத்தான கஃபீனோடு கலந்து மாத்திரையாக மியான்மரிலிருந்து வடகிழக்கு வழியாக வருவதை ‘யாபா’ என்கிறார்கள். கொக்கைன் ஒரு மணியில் இறங்கினால் இது பன்னிரண்டு மணி நேரம் ஆட்டிவைக்கும். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட, எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வில், 10 முதல் 75 வயது வரையுள்ளவர்களில் கொக்கைன் பழக்கம் 0.10 சதவீதம், ஆம்பெட்டமின் வகைப் பழக்கம் 0.18 சதவீதம் என்று கண்டார்கள். அபின், கஞ்சாவோடு ஒப்பிட்டால் சின்ன எண்தான். ஆனால் பரீட்சைக்குக் கண்விழிக்க, இரவு ஷிப்டில் தூங்காமலிருக்க என்று இந்த வகைதான் நல்ல பிள்ளையின் வேஷத்தில் வீட்டுக்குள் நுழைகிறது.

வைத்தியம்

அபினை நிறுத்தினால் உடம்பு முறுக்கி எடுக்கும், வாந்தியும் பேதியும் வரும். கொக்கைனில் அந்தத் தொல்லை பெரிதாகக் கிடையாது, ஒரேயடியாக நிறுத்தலாம். இதனாலேயே இது லேசான பழக்கம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1986இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காவின், கிளீபர் என்ற இரு மருத்துவர்கள் விட்டவர்களைக் கவனித்து, அதில் படிப்படியான கட்டங்கள் இருப்பதாக எழுதினார்கள். முதலில் சரிவு, சில நாள் அடித்துப்போட்டாற்போலத் தூக்கம், அகோரப் பசி. பிறகு வாரக்கணக்கில் எதிலும் ருசியில்லாத வெறுமை. அதன் பின்னும் மாதக்கணக்கில் திடீர் திடீரென்று கிளம்பும் ஆசை.

அந்த இரண்டாம் கட்டத்தில்தான் குடும்பம் வழுக்கி விழுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பெரிய சம்பளத்தில் இருந்த பிள்ளை விஷயம் வெளியே வந்து, அழுது, விட்டும்விட்டான். மூன்று வாரம் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. “அதான் விட்டாச்சே, இன்னும் என்ன சோம்பேறித்தனம், எழுந்து குளிச்சு வேலைக்குப் போடா” என்று அப்பா தினமும் காலையில் சத்தம் போட்டார். பேர்போன ஒரு தனியார் நிலையத்தில் பத்து நாள் வைத்திருந்து, குணமாகிவிட்டது என்று சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்ததால், அப்பாவுக்கு வேறு விதமாக நினைக்கத் தோன்றவில்லை. நாலாவது வாரம் பையன் பழைய இடத்துக்கே போனான். அவன் எழுந்திருக்காதது சோம்பல் இல்லை, டோபமின் கல்லா காலியாகக் கிடந்தது. இந்த நாட்களில் தற்கொலை எண்ணமும் வரக்கூடும் என்பதால் தனியே விடக்கூடாது. திட்டுவதை நிறுத்திச் சோறும் தூக்கமும் கொடுக்க வேண்டும், மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டும். போதை தலைக்கேறி வெறியோடு இருக்கிறவனை அமைதியான அறையில் வைத்து, உடம்புச் சூட்டைத் தணித்து, டயஸிபாம் வகை மருந்தால் அடக்குவது ஆஸ்பத்திரி வேலை, நாம் கயிற்றால் கட்டிப்போடுவது ஆபத்து.

இந்தப் பழக்கத்தை நிறுத்தவென்று அரசு அங்கீகரித்த மாத்திரை உண்டா என்றால், அமெரிக்காவில்கூடக் கொக்கைனுக்கும் இல்லை, மெதாம்பெட்டமினுக்கும் இல்லை. 2021இல் வெளிவந்த ஒரு பெரிய சோதனையில் நால்ட்ரெக்ஸோன் ஊசியும் புப்ரோப்பியான் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்ததில் 13.6 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. வெறும் பொய் மருந்து வாங்கியவர்களில் அது 2.5 சதவீதம். நம்பிக்கை தரும் செய்தி, ஆனால் நூற்றுக்கு எண்பத்தாறு பேருக்கு அதுவும் போதவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதுவரை கண்டதில் நன்றாக வேலை செய்வது எது என்று படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. சன்மானம்! வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஹிக்கின்ஸ் என்பவர் 1990களின் தொடக்கத்தில் நிறுவிய முறை. வாரத்தில் இரண்டு மூன்று தடவை சிறுநீர்ச் சோதனை. சுத்தமாக இருந்தால் உடனே ஒரு கூப்பன், அதற்குச் சாமான் வாங்கிக்கொள்ளலாம். தொடர்ந்து சுத்தமாக இருந்தால் கூப்பனின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். ஒரு தடவை தவறினால் பழையபடி அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். திட்டு கிடையாது, உபதேசம் கிடையாது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 2011 முதல் இதைக் கையாள்கின்றன. லஞ்சம் கொடுத்துத் திருத்துவதா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. பாக்கியை முன்கூட்டிக் கட்டுகிறவனுக்குத் தள்ளுபடி கொடுக்காத வியாபாரி படா பஜாரில் யார் இருக்கிறார்? தூரத்து நன்மை கண்ணுக்குத் தெரியாதவனுக்குப் பக்கத்து நன்மையைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். கூடவே, எந்த நண்பன், எந்தத் தெரு, எந்தச் சம்பள நாள் ஆசையைக் கிளப்புகிறது என்று கண்டு விலகப் பழக்கும் மனப்பயிற்சியும் தருவார்கள். மடித்த காகிதப் பொட்டலத்தைப் பார்த்தாலே போதும், சிலருக்குக் கை நடுங்கும்.

காலம் எவ்வளவு ஆகும்? மெதாம்பெட்டமினை விட்டவர்களின் மூளையை நோரா வோல்கோவ் குழுவினர் படமெடுத்து 2001இல் எழுதினார்கள். டோபமினைத் திரும்ப இழுக்கும் வாசல்கள் பன்னிரண்டு முதல் பதினேழு மாதம் விட்டிருந்த பிறகு கணிசமாகத் தேறியிருந்தன. ஞாபகசக்தியும் கை கால் சுறுசுறுப்பும் அந்த அளவுக்கு இன்னும் தேறவில்லை. பத்து நாளில் குணம் என்று சீட்டுக் கொடுக்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

வழக்கு வருமே என்று பயந்தே பலர் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர், சொந்த உபயோகத்துக்கோ சிறு அளவுக்கோ வழக்குக்கு உள்ளாகியிருந்தால், தாமே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையை முழுசாக முடிக்காவிட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளை மனநோயாகவே ஏற்றுக்கொள்கிறது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.